தாடிக்காரர் வீட்டுப் பலூன்கள்

எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் முதலில் பாஸின் முகத்தைப் பார்ப்பார்கள். அடுத்து என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் வெளியே போய் பெயர்ப்பலகையை இன்னொரு தடவை படித்துவிட்டு வரலாமா என்று யோசிப்பார்கள். பாஸ் பெரிய துப்பறிவாளர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய இடது தாடைக்கு அடியில் தபால்தலை அளவுக்கு ஒரு நரைத்த திட்டு எப்போதும் சவரத்துக்குத் தப்பி நிற்கும். ஊரில் எந்தத் திருடனும் அவரிடம் தப்பியதில்லை, இது மட்டும் தினமும் தப்பிவிடும். தனியாக வாழ்கிற மனுஷர். கண்ணாடியில் அந்த இடம் தெரியாது போலிருக்கிறது. நான் சொன்னதில்லை. சம்பளம் கொடுக்கிறவரின் தாடையைப் பற்றிப் பேச எனக்கென்ன தலையெழுத்தா?

அன்று காலை வந்த பெண் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து நீளமான ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். உள்ளே நீல வெல்வெட்டில் ஒரு சவரக் கத்தி படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. சலூனில் மடக்கித் திறப்பார்களே, அந்தப் பழைய ரகக் கத்தி.

"எங்கண்ணனோடது" என்றாள். "கத்தியையும் காணோம், அண்ணனையும் காணோம்."

அண்ணன் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வேறு பேட்டையில் குடும்பத்தோடு இருக்கிறாள், எப்போதாவது போனில் பேசுவாள். நேற்று கூப்பிட்டாள், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டும் எடுக்காததால் இன்று விடிந்ததும் தன்னிடமிருந்த சாவியோடு போய்ப் பார்த்திருக்கிறாள். சமையல் மேடையில் போன் கிடந்தது. குளியலறையில் காலிப் பெட்டி. துண்டில் ரத்தம். காவல் நிலையத்தில், வளர்ந்த ஆள்தானே, வந்துவிடுவார் என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தான் எதற்குப் பயப்படுகிறாள் என்பதை அவள் வாயால் சொல்லவில்லை. பெட்டியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பாஸ் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அண்ணனின் வீடு தரைத்தளத்தில் இருந்தது.

"வாழ்நாள் பூரா லிஃப்ட் ரிப்பேர் பண்ணினவர் கீழேயே குடியிருக்கார் பாஸ்" என்றேன். "ஓட்டல்காரர் வீட்டுல சாப்பிடுற மாதிரி."

பாஸ் சிரிக்கவில்லை. அவர் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி, எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கூடத்தில் பழைய நாற்காலி ஒன்று. சன்னலோரம் இன்னொன்று, புத்தம் புதுசு. அதன் காலில் சுற்றியிருந்த கடைக் காகிதம்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"இந்த வீட்ல எப்பவும் ஒரே நாற்காலிதான்" என்றாள் தங்கை. "நான் வந்தா அவன் நின்னுக்கிட்டே பேசுவான். இதை எப்ப வாங்கினான்னு தெரியலை."

புது நாற்காலியின் முதுகுப் பலகை உச்சியில் ஒரு நூல் கட்டியிருந்தது. நூலின் முனையில் சிவப்பு ரப்பர்த் துணுக்கு. பாஸ் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து பலூன்கள் உருண்டு வந்தன. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று என் முழங்காலைச் சுற்றி வந்து நின்றன. கட்டிலின்மேல், அலமாரி அடியில், சன்னல் திட்டில், எங்கே பார்த்தாலும் பலூன். சில சூம்பிப் போயிருந்தன.

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். போன மாதம் அண்ணனுக்குப் பிறந்தநாள். தான் மறந்தே போய்விட்டதாகவும், பாவம், தனக்குத் தானே பலூன் ஊதிக் கொண்டாடியிருக்கிறான் என்றும் அழ ஆரம்பித்தாள். எனக்கு நாக்கு நுனி வரை வந்த கேலி அப்படியே உள்ளே போய்விட்டது.

பாஸ் ஒரு பலூனை எடுத்து விரலால் தேய்த்தார். விரலில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"சவர சோப்பு" என்றார். "பிறந்தநாள் இல்லம்மா இது. சவரக் கத்தி பழகறவங்க இப்படித்தான் பழகுவாங்க. பலூன்ல நுரையைப் பூசி, அது வெடிக்காம நுரையை மட்டும் வழிச்சு எடுக்கணும். கை அழுத்தினா வெடிச்சிடும்."

குளியலறை வாளியில் வெடித்த பலூன்களின் கந்தல் கிடந்தது. அது ஆரம்ப நாட்களின் கணக்கு. படுக்கையறையில் இருந்தவை எல்லாம் அவர் தேறிவிட்டதற்குச் சாட்சி. கதவுக் கொக்கியில் கத்தி தீட்டும் தோல் வார் தொங்கியது. வாரில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னே வர வேண்டும். நம் மெக்கானிக் தொடக்கத்தில் மாற்றித் தீட்டித் தோலைக் கீறியிருக்கிறார், கூடவே விரலையும். துண்டில் இருந்த ரத்தம் ஒரு விரல் துடைத்த அளவுதான். பக்கத்திலேயே பிளாஸ்திரியின் மேல்தாளும் படிகாரக் கல்லும் இருந்தன.

"சாகணும்னு நினைக்கிற ஆள் பலூனுக்குக் காயம் படாம பார்த்துக்க மாட்டான்" என்றார் பாஸ். "உங்கண்ணன் உசிரோட இருக்கார்."

அவள் அந்தப் புது நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதில் உட்கார்ந்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

நான் மெதுவாக அண்ணனின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். போனில் காட்டினாள். நெஞ்சு வரை தாடி. விவரம் தெரிந்த நாள் முதல் அண்ணனுக்குத் தாடிதான் என்றாள். நான் மறுபடி குளியலறைக்குப் போய்த் தொட்டியைத் தடவிப் பார்த்தேன். ஒரு முடி இல்லை.

"பாஸ், சவரம் கத்துக்கிட்ட ஆளு இன்னும் ஒரு மயிரைக்கூட எடுக்கலை. நீச்சல் கிளாஸுக்குப் போயிட்டுக் குளத்துல இறங்காத மாதிரி."

பாஸ் என்னை மெச்சுகிற பார்வை பார்த்தார். வருஷத்துக்கு ஒருமுறைதான் அது கிடைக்கும். பலூனை உட்கார்ந்த மனிதனின் தலை உயரத்தில் கட்டி, பின்னால் நின்று பழகியிருக்கிறார் என்றார். நாற்காலிக்குப் பின்னால் தரையில் சோப்புத் துளிகள் காய்ந்து கிடந்தன, முன்பக்கம் சுத்தமாக இருந்தது. அப்படியானால் தனக்காகப் பழகவில்லை, வேறு யாருக்கோ சவரம் செய்யப் பழகியிருக்கிறார். யாருக்கு? தங்கைக்கும் புரியவில்லை. அண்ணனுக்கு நண்பர்கள் கிடையாது, உறவு என்று தான் ஒருத்திதான், தன் வீட்டுக்காரருக்கு மின்சார ரேசர் இருக்கிறது என்றாள்.

அண்ணனின் போனுக்குப் பூட்டுக்கூடப் போடவில்லை. யார் எடுத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டிருப்பார். அதில் ஒரே ஒரு குழுதான் உயிரோடு இருந்தது, சவரக் கத்தி பழகுகிறவர்களின் குழு. எல்லோரும் புனைபெயரில்தான் உலவினார்கள். நம் ஆளின் பெயர் 'லிஃப்ட்'. அறிவுரை சொல்கிறவர்கள் மூன்று பேர். 'சிங்கமுகம்' என்றவர் ஆண்பிள்ளை என்றால் சோப்பே போடக் கூடாது, பச்சைத் தண்ணீர் போதும் என்று அடித்துச் சொன்னார். 'பிளேடு ராஜா' எந்தக் கேள்விக்கும் தன் கடையில் இருக்கும் கத்திதான் பதில் என்றார். மூன்றாவது ஆளின் பெயர் 'நிதானம்'.

நிதானம் யாரையும் எதையும் வாங்கச் சொல்லவில்லை. அவசரப்படாதீர்கள், முதலில் பலூனில் பழகுங்கள் என்றார். பயமாக இருக்கிறது என்று லிஃப்ட் எழுதியபோது, நானும் ஒருமுறை காதுமடலை வெட்டியிருக்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன் என்று பதில் எழுதியிருந்தார்.

"இவர்தான் நம்பத் தகுந்த ஆள்" என்றார் பாஸ். "மத்த ரெண்டு பேருக்கும் கை தவறினதே இல்லையாம்."

அதன் பிறகு தினமும் லிஃப்ட் எழுதியிருக்கிறார். இன்றைக்கு வலது கன்னம், வெட்டு இல்லை. இன்றைக்கு மோவாய், வெட்டு இல்லை. தினமும் நிதானம் பதில் போட்டிருக்கிறார். நல்லது, நாளைக்கு எப்படி இருந்ததென்று சொல்லுங்கள். பாஸ் இந்த இடத்தை வெகுநேரம் படித்தார். நானும் தோளுக்கு மேலாகப் படித்தேன். உலகத்தில் எனக்குத் தெரிந்து யாரும் யாரிடமும் இவ்வளவு ஒழுங்காக விசாரிப்பதில்லை.

கடைசியில், நீங்கள் இப்போது என்ன சோப்பு போடுகிறீர்கள் என்று லிஃப்ட் கேட்டிருந்தார். நான் இப்போது சோப்பு வாங்குவதில்லை என்று நிதானம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு லிஃப்டிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

குழுவில் கடை விலாசத்தோடு எழுதுகிறவர் பிளேடு ராஜா மட்டும்தான் என்பதால் முதலில் அங்கே போனோம், சுவர் முழுக்கக் கத்திகள். ராஜா பளபளவென்று இருந்தார். நாங்கள் உள்ளே போனதும் என் தாடையைப் பார்த்து, உங்களுக்கேற்ற கத்தி இருக்கிறது என்றார். நான் பதில் சொல்வதற்குள் பாஸ் கல்லாவுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே மின்சார ரேசர் ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. ராஜா அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

நிதானம் என்ற பெயரைச் சொன்னதும் ராஜாவுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த ஆள் சுத்தப் பித்தலாட்டம், வாழ்க்கையில் ஒருநாள்கூடச் சவரம் செய்துகொண்டதில்லை என்றார். தன் வியாபாரத்தைக் கெடுக்கவே குழுவில் உட்கார்ந்திருக்கிறாராம்.

"ஆதாரம்?" என்றார் பாஸ்.

"அவர் எழுதறதைப் படிங்க. என்னிக்காவது கண்ணாடின்னு ஒரு வார்த்தை வந்திருக்கா? வலது கன்னத்துக்கு வரப்போ தலையை நம்ம பக்கமா சாய்ச்சுக்கணுமாம். என் தலையை நான் எப்படிங்க என் பக்கமா சாய்க்கிறது? கழுத்துக்கு வரும்போது பேச்சு குடுக்கக் கூடாதாம். தனியா நின்னு சவரம் பண்றவன் யார்கிட்டங்க பேச்சு குடுப்பான்?"

"தனியா இருக்கிறவங்க பேசுறதுண்டு" என்றேன், விளையாட்டாகத்தான். பாஸ் சட்டென்று என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கத்திகளைப் பார்க்க ஆரம்பித்தார். அலுவலகக் கதவுக்கு வெளியே நான் சில காலைகளில் கேட்டிருக்கிறேன், அவர் உள்ளே தனியாக இருக்கும்போது பேசுவதை. அதை இப்போது ஏன் நினைவுபடுத்தினேன் என்றாகிவிட்டது.

ராஜாவிடம் நிதானத்தின் முகவரி இருந்தது. முன்பெல்லாம் நிதானம் என்ற பெயரிலேயே ஆர்டர் வந்து சவர சோப்பும் படிகாரமும் அந்த முகவரிக்குத் தவறாமல் போகும், ரொம்ப காலமாக நின்றுவிட்டது என்றார். நேற்று முன்தினம் தாடிக்காரர் ஒருவரும் இதையேதான் கேட்டு வாங்கிப் போனாராம்.

"அவர் எப்படி இருந்தார்?" என்றாள் தங்கை.

"நான் சொன்னதையே அவர்கிட்டயும் சொன்னேன். அந்த ஆள் ஏமாத்துறார்னு. ஒண்ணும் பேசலை. முகமே மாறிப்போச்சு."

முகவரி பக்கத்து ஊர். எங்கள் கார் கிளம்புவதற்குள் அதனோடு சமரசப் பேச்சு நடத்த வேண்டியிருந்தது. தங்கை பின்சீட்டில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம் அவளிடம் திரும்பி வந்துவிட்டது. நம்பிக்கையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள், அவரும் பொய் என்று தெரிந்தால் அண்ணன் என்ன செய்வான்? கையில் கத்தி வேறு. அந்த ஆளைக் குத்திவிட்டால்? அல்லது தன்னையே... அவள் முடிக்கவில்லை.

ஊர் எல்லை தாண்டிய பிறகு பாஸ் பேசினார்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். "உங்கண்ணன் யாருக்கும் சவரம் பண்ணப் பழகலை. நிதானம் எழுதினதை எழுத்துப் பிசகாம செஞ்சிருக்கார். கண்ணாடி முன்னாடி நின்னா அது சரியா வரலை. நாற்காலிக்குப் பின்னாடி நின்னாத்தான் வருது. ஏன்னா நிதானம் தனக்குப் பண்ணிக்கிட்டவர் இல்லை, உட்கார வெச்சு இன்னொருத்தருக்குப் பண்ணினவர்."

"சோப்பு வாங்குறதை நிறுத்திட்டாரே பாஸ்."

"அறிவுரை சொல்றதை நிறுத்தலையே."

சோப்பு பூச இப்போது அந்த முகம் இல்லை என்று எங்கள் மூவருக்கும் ஏக காலத்தில் புரிந்திருக்க வேண்டும். மெக்கானிக்குக்கும் இது புரிந்திருக்கும். இயந்திரம் எந்தப் பக்கம் நின்று கழற்றப்பட்டது என்று பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆள். ஆனால் புரிந்தபின் என்ன செய்யக் கிளம்பினார் என்பதுதான் தெரியவில்லை.

மெயின் ரோட்டின் மேலேயே இருந்தது அந்த வீடு. எதிரே பஸ் நிறுத்தம். நான் மணியை அடித்தேன். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கதவைப் பாதி திறந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. பாஸ் வணக்கம் சொல்லி, நிதானம் என்பவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

அப்படி யாரும் இங்கே இல்லை, தான் தனியாகத்தான் இருப்பதாகச் சொன்னார் அந்த அம்மாள். சவரக் கத்தியைப் பற்றித் தனக்கென்ன தெரியும் என்றும் கேட்டார். குரல் தெளிவாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர் என்று பிறகு சொன்னார். கதவு மூடத் தொடங்கியது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் பாஸ். "கதவைத் திறந்ததுலேருந்து நீங்க என் கண்ணைப் பார்க்கலை, என் தாடையைத்தான் பார்க்கறீங்க. மனசுல வெச்சிருக்கறதைச் சொல்லிடுங்க."

அந்த அம்மாள் தயங்கினார். அப்புறம் அடக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"இடது பக்கம் அடியில விட்டுப்போச்சு. அந்த இடத்துல முடி கீழேந்து மேல வளரும். நீங்களும் கீழேந்து மேலயே இழுக்கறீங்க, அது படுத்துத் தப்பிச்சிடுது."

நான் வாசல் தூணில் ஏதோ துப்பு இருப்பதுபோல அதை உற்றுப் பார்த்தேன். கதவு முழுசாகத் திறந்தது.

கூடத்தில் சன்னலைப் பார்த்தபடி உயரமான நாற்காலி ஒன்று போட்டிருந்தது. அதன் இடது கைப்பிடியில் மட்டும் வார்னிஷ் தேய்ந்திருந்தது. வலது கைப்பிடி புதுசாக இருந்தது, யாரும் ஒருநாளும் பிடிக்காத மாதிரி. அவருடைய கணவருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதாம், பேச்சும் போய்விட்டதாம். இளம் வயதிலிருந்து கத்தியில் சவரம் செய்து பழகிய முகம், வேறு எது பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சலூன்காரர்களிடம் போய்க் கேட்டால் பொம்பளைக்கு எதற்கு என்று சிரித்தார்கள். கடைக்காரன் விலை அதிகமான கத்தியை விற்றான், பிடிக்கும் விதத்தைச் சொல்லவில்லை.

"முதல் தடவை காதுமடலை வெட்டிட்டேன். அவரால கத்தக்கூட முடியலை. கண்ணு மட்டும் நனைஞ்சுது" என்றார். "அப்புறம் தினமும் பண்ணிப் பண்ணி சரியா வந்துது. அவர் போனதுக்கப்புறம் அந்த நேரத்துக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது. யாராவது கேட்டா சொல்லுவோமேன்னு குழுவுல சேர்ந்தேன். பொம்பளைன்னு தெரிஞ்சா யார் கேப்பாங்க? சொல்லலை."

பாஸ் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். லிஃப்ட் என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று இங்கே வந்தாரா?

"இங்க யாரும் வரலையே" என்றார் அந்த அம்மாள். "என் கதவை யாரும் தட்டி எத்தனையோ நாளாச்சு. அவர் எழுதலையேன்னு நானே கவலையா இருக்கேன்."

தங்கையின் கையிலிருந்து பெட்டி கீழே விழுந்தது. கிளம்பியவர் வந்து சேரவில்லை. வழியில் ஆறு இருந்ததை நாங்கள் பார்த்திருந்தோம், ரயில் தண்டவாளத்தைக் கடந்திருந்தோம். பாஸ் குனிந்து பெட்டியை எடுத்தார், திருப்பிக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். அவரும் பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் பயந்து நான் பார்த்தது குறைவு.

"அவரு பார்க்க எப்படி இருப்பார்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"தாடி" என்றாள் தங்கை. வேறு வார்த்தை வரவில்லை. கையை நெஞ்சு வரைக்கும் இறக்கிக் காட்டினாள்.

அந்த அம்மாள் சன்னல் திரையை விலக்கினார். "நேத்துலேருந்து அங்க ஒருத்தர் உக்காந்திருக்கார். பஸ் வருது, போகுது, ஏற மாட்டேங்கறார். இருட்டினதும் எழுந்து போனார். காலையில பார்த்தா மறுபடி அங்கயே. யாரோ பாவம், வழி தெரியாதவர்னு நினைச்சேன்."

எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில், தாடியை நெஞ்சில் போட்டுக்கொண்டு, துணிப்பையை மடியில் அணைத்தபடி ஒருவர் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வண்டிகளைப் பாராமல் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடினாள். நான் பின்னால் ஓடிக் கையைக் காட்டி ஒரு லாரியை நிறுத்தினேன். லாரிக்காரர் என் குடும்பத்தைப் பற்றி விசாரித்ததை இங்கே எழுத முடியாது.

அண்ணன் தங்கையைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காரச் சொல்லி பெஞ்சைக் கையால் துடைத்தார். அவள் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, விடவில்லை.

ராத்திரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் தங்கியிருக்கிறார். போனை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தாராம். கையில் இருந்தால் வருகிறேன் என்று எழுதிவிடுவோம், வராதீர்கள் என்று பதில் வந்துவிடும் என்ற பயம். வந்து சேர்ந்தபின் கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை.

"கோபமாண்ணா?" என்று கேட்டாள் தங்கை. "ஏமாத்திட்டாங்கன்னா?"

"அவங்க எங்க ஏமாத்தினாங்க?" என்றார் அவர். "நான்தான் ஏமாத்தினேன். தினமும் கன்னம் முடிஞ்சுது, மோவாய் முடிஞ்சுதுன்னு எழுதினேன். எல்லாம் பலூன். தாடியில கத்தி வைக்கப் பயமா இருந்துச்சு. ஆனா எழுதலைன்னா, எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு யாரு கேப்பாங்க?"

தங்கை பிடித்திருந்த சட்டையை மெதுவாக விட்டு, கசங்கிய இடத்தை நீவிவிட்டாள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த அம்மாள் நின்றார். நாங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். வாசலில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாடிக்காரர் துணிப்பையிலிருந்து துணியில் சுற்றிய கத்தியை எடுத்து, பிடியை அவர் பக்கமாகத் திருப்பி நீட்டினார்.

"உங்களுக்கு இப்ப பண்ண முகம் இல்லைன்னு தோணுச்சு" என்றார். "எனக்குப் பண்ணிவிட ஆள் இல்லை. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அந்த அம்மாள் கத்தியை வாங்கவில்லை. கை மறந்துபோயிருக்கும், நடுங்கும் என்றார். தாடிக்காரர் சட்டைப் பையில் கைவிட்டு ஊதாத பலூன் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். நிதானம் சொன்னதை நிதானத்திடமே திருப்பிச் சொல்கிறார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பலூனை ஊதும் பொறுப்பு என்னிடம் வந்தது. துப்பறியும் தொழிலில் நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

பலூன் வெடிக்கவில்லை.

அதற்குப் பிறகு தாடிக்காரர் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் கத்தரி, பிறகு வெந்நீர்த் துண்டு, பிறகு நுரை. அந்த அம்மாள் பின்னால் நின்று அவர் தலையைத் தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். கன்னம் முடியும் வரை ஏதேதோ கேட்டுக்கொண்டே இருந்தார், லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே இருப்பவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்றெல்லாம். பயப்படாதீங்க, நான் இங்கேயே இருக்கேன்னு சொல்லுவேன் என்றார் அவர். கழுத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. கத்தி தோலில் போகிற சத்தம் மட்டும் கேட்டது. தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நானும்தான். பாஸ் சன்னலுக்கு வெளியே வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்தபோது தாடிக்காரர் என்ற பெயர் அவருக்குப் பொருந்தவில்லை. வெயில் படாத வெளுத்த கன்னத்தோடு யாரோ புது ஆள் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

தினமும் பதில் எழுதியவரால் நேரில் பதில் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

தங்கை அண்ணனோடு பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் காரில் திரும்பினோம். பாதி வழியில் பாஸ் இடது தாடைக்கு அடியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"நீ இதைப் பார்த்திருக்கியா?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே பார்த்தேன் பாஸ்."

"ஏன் சொல்லலை?"

கேலியாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நாலைந்து பதில் தயாராகவே இருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அது வசதியாகப் போயிற்று.

"சொல்லிட்டா, உங்க வீட்ல சொல்ல ஆள் இல்லைன்னு எனக்குத் தெரியும்ங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிடும் பாஸ். அதான்."

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வந்து சேரும் வரை அப்படியேதான் இருந்தார். இறங்கும்போது நாளைக்குச் சீக்கிரம் வா என்று மட்டும் சொன்னார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை நான் கதவைத் திறந்தபோது பாஸ் எனக்கு முன்னால் வந்து சன்னலருகே நின்றுகொண்டிருந்தார். வணக்கம் சொல்லவில்லை. வெளிச்சத்தில் நின்று மோவாயைத் தூக்கி, தாடையின் அடியை என் பக்கமாகச் சாய்த்துக் காட்டினார்.

நான் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் போய்ப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு பாஸ்" என்றேன். "காதுக்குக் கீழ."